எட்டடிப் பலகையில் ஓர் அங்குலம்

கம்பைநல்லூர்
7-8-1938

அன்புள்ள தம்பி மாதேஸ்வரனுக்கு அக்கா ராஜாமணி எழுதுவது.

நான் சுகம். பெங்களூர்க் குளிரில் உனக்கு மறுபடி இருமல் என்று அண்ணன் சொன்னார். மிளகு தட்டிப் போட்டுக் காய்ச்சிக் குடி. டாக்டரிடம் போ என்றால் நீ போகிறவன் இல்லை.

போன வாரம் டிப்டி இன்ஸ்பெக்டர் பள்ளிக்கூடத்துக்கு வந்து போனார். முப்பத்து நாலு பிள்ளைகளைப் பார்த்ததும் அவருக்கு ஆச்சரியம். வாசிப்பு நன்றாக இருக்கிறது என்றார். கணக்கு வந்ததும் முகம் சுருங்கிவிட்டது. "வாய்ப்பாடு மழையாட்டம் கொட்டுதும்மா. ஆனா ஏழு புளியங்கொட்டை எடுத்து வைன்னா ஒம்பது எடுத்து வைக்குதே" என்றார். உண்மைதான். மாசியில் திரும்ப வருவாராம். அன்றைக்கு முப்பது பிள்ளைகளுக்குக் குறையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், கணக்கும் தேறியிருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் அங்கீகாரத்துக்கு எழுதுவார்.

அண்ணன் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். "மாசி வரைக்கும் கொட்டகை உன்னுது. அதுக்கப்பறம் அங்கீகாரம் வரலன்னா நான் கடலக்கா மூட்டை அடுக்கணும். நீயும் வூட்டுக்கு வந்துடு. அண்ணிக்கும் ஒத்தாசையா இருக்கும்." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். உன் மாமா காலமானபின் ஆறு வருஷம் அந்த அடுப்படியில்தான் கிடந்தேன். சேலத்தில் டிரெயினிங் படித்ததும், பள்ளிக்கூடம் நடக்கிற இந்தக் கொட்டகையை ஒட்டிய அறையில் தனியாகப் பொங்கித் தின்பதும் அங்கே திரும்பிப் போகாமல் இருப்பதற்குத்தான். உனக்குத் தெரியாததில்லை.

ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை நல்ல கணக்குப் புத்தகமாகப் பார்த்து அனுப்பு. பிள்ளைகள் கையில் எடுத்து எண்ணவும் அளக்கவும் ஏதாவது சாமான் கிடைத்தால் அதையும் அனுப்பு. புளியங்கொட்டையைச் சுட்டுத் தின்றுவிடுகிறார்கள்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா
ராஜாமணி


பெங்களூர்
19-8-1938

அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. மிளகும் குடிக்கவில்லை, டாக்டரிடமும் போகவில்லை, தானாகப் போயிற்று. நீ சுகமென்று அறிந்து சந்தோஷம்.

தண்டு, அதுதான் கண்டோன்மெண்ட், அந்தப் பக்கத்தில் தமிழ்ப் புத்தகம் விற்கிற கடைகள் எல்லாவற்றிலும் ஏறி இறங்கிவிட்டேன். இந்தக் கணக்குப் புத்தகங்களை எழுதியவர்களை ஒரு நாள் எங்கள் பட்டறையில் நிறுத்தினால் மத்தியானத்துக்குள் விரலைப் பறிகொடுத்துவிடுவார்கள். ஒரு புத்தகத்தில் தொட்டிக்கு இரண்டு குழாய். ஒன்று நிரப்புகிறது, ஒன்று காலி செய்கிறது. கம்பைநல்லூரில் குழாய் எங்கே இருக்கிறது? எந்த மடையன் இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்து வைப்பான்? இன்னொன்றில் ஒரு துரை குதிரைகளுக்குக் கொள்ளு வாங்கிக்கொண்டே இருக்கிறார், புத்தகம் முடிகிற வரைக்கும். பின்பக்கத்தில் கொடுத்திருக்கும் விடைகளைப் போட்டுப் பார்த்தேன். அதிலேயே தப்பு. கடைக்காரரிடம் காட்டினால், "வாத்தியாருங்க யாரும் இதுவரைக்கும் சொல்லலீங்களே" என்கிறார்.

கடைசியில் மூன்று புத்தகம் எடுத்தேன். இரண்டு தமிழ், ஒன்று இங்கிலீஷ். இங்கிலீஷ் புத்தகத்தைப் பார், கணக்கு என்றால் அப்படி இருக்க வேண்டும். எண்ணைச் சொல்வதற்கு முன்னால் பொருளைக் காட்டுகிறான்.

சாமான் கடையில் வாங்க வேண்டாம். விற்கிற மணிச்சட்டத்தில் கம்பி வளைந்திருக்கிறது, மணி ஒன்றுக்கொன்று சேரவில்லை. நானே செய்து அனுப்புகிறேன். நான் இருப்பது வார்ப்படச் சாலை. இரும்பை உருக்கி ஊற்றுமுன் அந்த உருப்படியை மரத்தில் செய்து மணலில் பதிக்க வேண்டும். அந்த மர மாதிரிகள் செய்கிற பட்டறையில்தான் டிப்ளமா வாங்கிக்கொண்டு நாலு வருஷமாக நிற்கிறேன். இந்த ஊரில் எங்களைவிடச் சுத்தமாக மரம் இழைப்பவன் கிடையாது.

என்னென்ன வேண்டுமென்று அளவோடு எழுது. 'ஏதாவது சாமான்' என்று எழுதாதே. ஏதாவது என்பதற்குப் படம் போட முடியாது.

மாதேஸ்வரன்


கம்பைநல்லூர்
4-9-1938

தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அண்ணன் மகனுக்கு அம்மை போட்டு இறங்கிவிட்டது.

புத்தகங்கள் வந்தன. இரண்டு தமிழ்ப் புத்தகமும் சர்க்கார் ஒப்புக்கொண்ட பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத புத்தகம் வகுப்பில் இருந்தால் இன்ஸ்பெக்டர் அதற்கே தனியாக ஒரு குறிப்பு எழுதுவார். திருப்பி அனுப்பியிருக்கிறேன். இங்கிலீஷ் புத்தகத்தை யார் படிப்பார்கள் என்று எடுத்தாய்? நான் படிக்கிறேன், வைத்துக்கொள்கிறேன்.

பட்டியலில் உள்ள புத்தகத்தையே தர்மபுரியில் வாங்கிவிட்டேன். நீ திட்டிய துரை இதிலும் இருக்கிறார். குதிரையை ஆடாக மாற்றிச் சிலேட்டில் எழுதிப் போடுகிறேன். கணக்கு அதேதான். ஆடு என்றதும் பின்வரிசையும் நிமிர்ந்து உட்காருகிறது.

செய்ய வேண்டியது: ஓர் அங்குலக் கட்டைகள் நூறு. பத்து அங்குலக் குச்சிகள் பத்து. அரை, கால், எட்டில் ஒன்றான அரைக்கால் என்று வெட்டிய வட்டம் ஒன்று. அடிக்கோல் பத்து, அங்குலமும் அரைக்காலும் குறித்தது. வர்ணம் பூசாதே, சின்னதுகள் வாயில் வைக்கும்.

இங்கே கிருஷ்ணப்ப ஆசாரியிடம் கரும்பலகை ஒன்றும், பிள்ளைகள் உட்கார எட்டடிப் பலகை நாலும் செய்யச் சொல்லியிருக்கிறேன். வேங்கை மரத்தில் செய்வதாகப் பேச்சு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ராஜாமணி


பெங்களூர்
16-10-1938

அக்காவுக்கு,

நலம். உன் நலத்துக்கு எழுது.

சாமான் எல்லாம் ஒரு பெட்டியில் போட்டு மொரப்பூர் ஸ்டேஷனுக்கு ரயில் பார்சலில் அனுப்பிவிட்டேன். ரசீது இதோடு இருக்கிறது. வண்டிக்காரனைப் பெட்டியைத் தூக்கிப் போடாமல் இறக்கச் சொல். சொன்னாலும் போடத்தான் போகிறான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செய்தது. பட்டறையில் ஆளுக்கு ஆள் கிண்டல், "மாதேஸா, தாயம் ஆடவா இத்தனை கட்டை?" என்று. எல்லாம் தேக்கு. எந்தக் கட்டையையும் எந்தக் கட்டையின் மேலும் வைத்துப் பார். தலைமுடி நுழையாது. பத்துக் கட்டையை வரிசையாக வைத்தால் ஒரு குச்சி. பத்துக் குச்சியை அடுக்கினால் நூறு. இதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும். நீ முதலிலேயே சொல்லிவிடாதே. டிரெயினிங் படித்தவர்களுக்கு எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிற வியாதி உண்டு.

அளவுகோல்கள் பத்தும் ஒரே மூலக்கோலை வைத்துக் குறித்தவை. கோலைப் பிடிக்கும்போது கட்டைவிரலால் முனையை மறைக்கக் கூடாது. நகர்த்தும்போது பென்சில் குறியின் நடுவில் வைக்க வேண்டும். கண் நேர் மேலே இருக்க வேண்டும். இவ்வளவையும் செய்தால் தப்பே வராது. தப்பு வந்தால் அது பிள்ளைகளுடையதோ உன்னுடையதோ, கோலுடையதாக இருக்காது.

மாதேஸ்வரன்


கம்பைநல்லூர்
8-11-1938

தம்பிக்கு,

சுகம். தீபாவளிக்கு நீ வராததில் அண்ணனுக்கு வருத்தம், சொல்லமாட்டார்.

பெட்டியைத் திறந்த அன்று வகுப்பு நடக்கவில்லை. எல்லாரும் கட்டையை மோந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டு வாரத்தில் ஏழு என்றால் ஏழு எடுத்து வைக்கிறார்கள். பத்துக் குச்சியை அடுக்கி நூறு என்று இரண்டாம் வகுப்பு ராமக்கா கண்டுபிடித்தாள். நான் வாயைத் திறக்கவே இல்லை. நீ செய்தது நல்ல வேலை, மாதேசா.

ஒன்று மட்டும் புரியவில்லை. ஆசாரி பலகைகளைக் கொண்டுவந்து போட்டார். அளக்கிற பாடத்துக்கு அவற்றையே கொடுத்தேன். நாலு பலகையும் ஏழடி பதினோரு அங்குலம் என்கிறார்கள். எட்டடிக்கு ஓர் அங்குலம் குறைகிறது. நீ சொன்னபடி நானும் அளந்தேன், கட்டைவிரலால் முனையை மறைக்காமல். அதேதான். கரும்பலகையும் ஐந்தடிக்கு அரை அங்குலத்துக்குமேல் குறைச்சல். மரம் காய்ந்தால் சுருங்கும் என்பார்களே, அதுவாக இருக்குமா?

பிள்ளைகள் எட்டு என்று எழுதுவதா, ஏழு பதினொன்று என்று எழுதுவதா என்று கேட்கிறார்கள். உடனே எழுது.

ராஜாமணி


பெங்களூர்
13-11-1938

அக்காவுக்கு,

நலம்.

சுருங்குவதைப் பற்றி எனக்கே பாடம் சொல்கிறாயா? மரம் அகலத்தில் சுருங்கும், நீளத்தில் சுருங்காது. சுருக்கத்தைக் கணக்குப் போட்டுத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன்.

யோசித்துப் பார். ஒரு பலகை அரை அங்குலம் குறைந்து, இன்னொன்று கால் அங்குலம் கூடியிருந்தால் அது கைத்தவறு. நாலும் ஒரே ஓர் அங்குலம் குறைந்திருந்தால் அது கைத்தவறு இல்லை, திருட்டு. நீட்டு மரத்தில் பலகைக்கு ஓர் அங்குலம் மிச்சம் பிடித்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரு முக்காலிக்கு ஆகும். ஆசாரிகள் வழக்கம் இது. பொம்பளை தனியாக இருக்கிறாள், யார் அளக்கப் போகிறார்கள் என்று செய்திருக்கிறார். நீயும் மரம் சுருங்கியிருக்குமோ கிருங்கியிருக்குமோ என்று அவருக்கே சாக்கு எடுத்துக் கொடுக்கிறாய்.

போய் நேராகக் கேள். நாலு பேர் இருக்கும்போது கேள். உனக்குக் கூச்சமாக இருந்தால் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. என் பெயரைச் சொல்.

பிள்ளைகள் ஏழடி பதினோரு அங்குலம் என்றே எழுதட்டும். அளந்ததைத்தான் எழுத வேண்டும்.

மாதேஸ்வரன்


கம்பைநல்லூர்
2-1-1939

தம்பி மாதேசனுக்கு அண்ணன் நஞ்சப்பன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் க்ஷேமம். கடலைக்காய் இந்த வருஷம் பரவாயில்லை.

ராஜாமணி ஏன் பதில் போடவில்லை என்று எனக்கு இரண்டு கார்டு போட்டிருக்கிறாய். எப்படிப் போடுவாள்? நீ எழுதினதை எடுத்துக்கொண்டு போய்க் கிருஷ்ணப்ப ஆசாரி பட்டறையில் ஏழெட்டுப் பேர் முன்னிலையில் படித்துக் காட்டியிருக்கிறாள். திருட்டு என்கிற வார்த்தையையும் விடாமல் படித்திருக்கிறாள். தம்பி படி என்றால் படித்துவிடுவதா என்று அவளைக் கேட்டேன். "அவன் படிச்சவன், அளவு தெரிஞ்சவன்" என்றாள்.

அன்று சாயங்காலம் ஆசாரி பள்ளிக்கூடத்துக்கு வந்தான். தான் அளக்கிற கோலை வாசற்படியில் வைத்தான். "அளவு தெரியாதவனுக்குக் கோலு எதுக்கு? நீங்களே வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அவனுடைய மூன்று பெண்களும் மறுநாள் வரவில்லை. கொல்லர் வீட்டுப் பிள்ளைகளும் வராமல் நின்றன. பிறகு அவனிடம் ஏர் செய்துகொள்கிறவர்கள் எல்லாரும் பிள்ளைகளை நிறுத்தினார்கள். யாருக்கு அவனிடம் வேலை இல்லை? இப்போது பதினாலு பிள்ளைகள் வருகின்றன. கோல் இன்னும் வாசற்படியிலேதான். பிள்ளைகள் தாண்டிப் போகின்றன. அவளும் தாண்டித்தான் போகிறாள்.

எனக்கு இதில் சந்தோஷம் என்று நினைக்காதே. எனக்கு மூட்டை அடுக்க இடம் வேண்டும், அவ்வளவுதான். மாசிக்கு இன்னும் நாள் இருக்கிறது, பிள்ளைகளுக்குத்தான் வழியில்லை. பங்குனியில் அவளை வீட்டுக்கு அழைத்துக்கொள்கிறேன். நீ இனிமேல் கடிதம் எழுதுவதாக இருந்தால் உன் சுகத்தை மட்டும் எழுது.

நஞ்சப்பன்


கம்பைநல்லூர்
9-1-1939

தம்பிக்கு,

நான் சுகம்.

இதோடு ஒரு காகித நாடா மடித்து வைத்திருக்கிறேன். தையற்கார மாயவனின் டேப்பை வைத்து, சரியாக ஓர் அடிக்கு நானே வெட்டியது. நிலம் அளக்கிற ஊர்க் கர்ணத்தின் அளவுகோலிலும் வைத்துப் பார்த்தேன், ஆசாரியின் கோலிலும் வைத்துப் பார்த்தேன். மூன்றும் ஒன்று.

இதை உன் கோலின்மேல் வைத்துப் பார். பார்க்காமல் பதில் எழுதாதே.

ராஜாமணி


பெங்களூர்
14-1-1939

அக்காவுக்கு,

அண்ணன் கடிதம் வந்ததும் உன்மேல் கோபித்து நாலு பக்கம் எழுதினேன். தபாலில் போடுமுன் உன் கடிதம் வந்தது. நாலு பக்கத்தையும் அடுப்பில் போட்டுவிட்டேன்.

வைத்துப் பார்த்தேன். காகிதம் அரைக்கால் அங்குலம் குறைகிறது. காகிதத்தைச் சந்தேகப்பட்டு, கடைக்குப் போய்ப் புது ஸ்டீல் அடிக்கோல் வாங்கினேன். அதுவும் அரைக்கால் குறைகிறது. அப்புறம்தான் உறைத்தது.

உருகின இரும்பு ஆறும்போது சுருங்கும், அடிக்கு அரைக்கால் அங்குலம். ஆகையால் மர மாதிரியை அந்த அளவு பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் யார் கணக்குப் போடுவது என்று, எங்கள் பட்டறையில் அளவுகோலையே அடிக்கு அரைக்கால் அங்குலம் நீட்டிச் செய்து, அதைப் பன்னிரண்டாகப் பிரித்து வைத்திருப்பார்கள். பார்வைக்குச் சாதாரண அடிக்கோல் மாதிரியேதான் இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் கைக்குக் கிடைத்ததை எடுத்து, அதையே மூலக்கோலாக வைத்து உன் பத்துக் கோலையும் குறித்திருக்கிறேன். கட்டைகளும் அப்படியே. கட்டைக்குக் கட்டை ஒத்துப்போனதால் யாருக்கும் தெரியவில்லை. நாலு வருஷமாக இந்தக் கோல்தான் என் கையில். வேறு அடி ஒன்று உலகத்தில் இருக்கிறதென்பதே மறந்துவிட்டது.

அடிக்கு அரைக்கால். எட்டடிக்கு ஓர் அங்குலம். நாலு பலகையிலும் ஒரே குறை வந்தால் முதலில் கோலைச் சோதி என்பது எங்களுக்கு முதல் வருஷப் பாடம். அதை வைத்தே ஒரு மனிதனைத் திருடன் என்று நிரூபித்திருக்கிறேன். மண்டையில் என்ன இருக்கிறதோ தெரியவில்லை.

அந்தக் கோல்கள் பத்தையும் அடுப்பில் போடு. புதிதாகப் பத்து, கடையில் வாங்கிய ஸ்டீல் கோலை வைத்துக் குறித்து, இன்றைக்கே அனுப்புகிறேன்.

மாதேஸ்வரன்


கம்பைநல்லூர்
21-1-1939

தம்பிக்கு,

விளக்கம் புரிந்தது. இரும்பு சுருங்குவது எதற்காக என்று ஆசாரிக்கு யார் சொல்வது?

அவர் கோலை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். வாங்கவில்லை. "நீங்க படிச்சீங்க, எழுதினது நீங்க இல்லீங்களே" என்கிறார். திரும்பக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்துவிட்டேன்.

நீ வா. லீவு இல்லை என்று எழுதாதே.

கோல்களை அடுப்பில் போடமாட்டேன். எனக்கு வேண்டும்.

ராஜாமணி


பெங்களூர்
7-2-1939

அக்காவுக்கு,

சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். கிடைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. களியைப் போட்டுவிட்டு, நீ வரமாட்டேன், தனியாகப் போ என்றாய். ஆசாரி பட்டறையிலிருந்து நேரே மொரப்பூருக்கு ஓடினால்தான் ரயில். ஆகையால் நடந்ததை எழுதுகிறேன். அண்ணன் வேறு மாதிரி சொல்லியிருப்பார்.

ஆசாரியின் கோலைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். தெருவே பார்த்தது. பட்டறையில் ஏர் வாங்க வந்தவர்கள் நாலைந்து பேர் குந்தியிருந்தார்கள். ஆசாரி நிமிராமலே, "வாங்க பெங்களூரு இன்ஜினீரு. இன்னும் ஏதாச்சும் கொறையுதுங்களா?" என்றார்.

"குறையலீங்க. உங்க அளவு சரி. என் கோல்தான் தப்பு."

"சத்தமாச் சொல்லுங்க தம்பி. காது மந்தம்."

காது மந்தமாவது. சத்தமாகச் சொன்னேன்.

"ஏ குள்ளம்மா, இங்க வா. தம்பி என்னமோ சொல்லுது."

அவர் பெண்சாதி ஈரக்கையோடு வந்து நின்றாள். மறுபடி சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்தார், அவருக்கும் சொன்னேன். கடைசியில் மனப்பாடமே ஆகிவிட்டது. இரும்பு சுருங்குகிற விஷயத்தையும் சொன்னேன். ஆசாரி கேட்டுவிட்டு, "இரும்பு சுருங்கினா அதுக்கு நான் திருடனுங்களா?" என்றார்.

"இல்லீங்க. நான் எழுதினது தப்பு. மன்னிச்சுக்குங்க."

கோலை வாங்கினார். துண்டால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை துடைத்தார். அதோடு நான் எழுந்து வந்திருக்க வேண்டும். நீ அப்படித்தான் சொல்லி அனுப்பினாய். ஆனால் காலையில் உன் பலகைமேல்தானே உட்கார்ந்து சாப்பிட்டேன்? நாலு வருஷம் மரத்தோடு இருந்தவனுக்குத் தெரியாதா? வாயை அடக்க முடியவில்லை.

"அளவு சரிங்க ஆசாரி. மரம்தான் வேங்கை இல்லை. மா."

ஆசாரி என்னைப் பார்த்த பார்வையில் எல்லாம் போயிற்று, முப்பது பிள்ளையும் போயிற்று என்று நினைத்தேன். அப்போது குந்தியிருந்த ஒரு கிழவர் சிரிக்க ஆரம்பித்தார். "அட இவனே. எனக்குக் கலப்பைக்குக் கருவேலம்னு என்னத்த வெச்சிருக்கான், வந்து பாருங்க தம்பி" என்றார். குள்ளம்மாள், "அன்னிக்கே சொன்னன், அந்தப் பள்ளிக்கூடத்தம்மாகிட்ட வேணாம்னு" என்று உள்ளே போய்விட்டாள்.

ஆசாரி கொஞ்ச நேரம் உளியைத் தீட்டினார். பிறகு சொன்னார்: "திருடன்னீங்க, அது அளவுல. அளவுல நான் திருடல."

"இல்லீங்க."

"மரத்தப் பத்தி நீங்க அந்தக் காயிதத்துல எழுதல."

"எழுதலீங்க."

"அப்ப அத விடுங்க. நாளைக்குப் புள்ளைங்கள அனுப்பறன். பலகைய மாத்தித் தரமாட்டன்."

மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஓடிவந்தேன். இதைச் சமாதானம் என்பதா என்னவென்று தெரியவில்லை. யாராவது என்னை அங்கே திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

அந்தப் பழைய கோல்களை ஏன் இன்னும் வைத்திருக்கிறாய்? காலையில் கேட்டதற்கும் பதில் சொல்லவில்லை. தப்பான கோலைப் பிள்ளைகள் கையில் கொடுப்பது பைத்தியக்காரத்தனம். இன்ஸ்பெக்டர் பார்த்தால் தொலைந்தாய். இதை நான் கோபமாகவே எழுதுகிறேன்.

மாதேஸ்வரன்


கம்பைநல்லூர்
16-4-1939

அன்புள்ள தம்பி மாதேஸ்வரனுக்கு அக்கா எழுதுவது.

நான் சுகம். இரண்டு மாதம் எழுதவில்லை என்று கோபித்திருப்பாய். நல்லதோ கெட்டதோ முடிவு தெரிந்தபிறகு எழுதலாம் என்று இருந்துவிட்டேன். இங்கே வெயில் பலமாக இருக்கிறது.

ஆசாரியின் பெண்கள் மறுநாளே வந்தார்கள். கொல்லர் வீட்டில் ஒன்று வந்தது, ஒன்றுக்கு அதற்குள் ஆடு மேய்க்கிற வேலை வந்துவிட்டது, வரவில்லை. வீடு வீடாகப் போனேன். இன்ஸ்பெக்டர் வந்த அன்று முப்பத்தொரு பிள்ளைகள். ஒன்று காய்ச்சலோடு உட்கார்ந்திருந்தது, அதன் அம்மாவிடம் நான் கெஞ்சினது உனக்குத் தெரிய வேண்டாம்.

பழைய கோல் எதற்கு என்று கேட்டாயே. அரைக்காலை எட்டுத் தடவை சேர்த்தால் ஒன்று என்று வாய்ப்பாட்டில் பாடுவார்கள், ஒருத்தருக்கும் அது என்னவென்று தெரியாது. உன் வட்டத்தை வெட்டி வைத்தும் தெரியவில்லை. பழைய கோலால் ஒரு தடவை, புதுக் கோலால் ஒரு தடவை அந்தப் பலகையை அளக்கச் சொன்னேன். ஒவ்வோர் அடிக்கும் குறி எப்படித் தள்ளிப் போகிறதென்று சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார்கள். எட்டாவது அடியில் ஓர் அங்குலம் நிற்கிறது. மூன்றாம் வகுப்பு முழுக்க அதைச் சுற்றி மண்டிபோட்டுக்கொண்டு பார்த்தது. இந்த மாதிரி ஒரு சாமானை யோசித்துச் செய்ய உன்னாலும் முடியாது, என்னாலும் முடியாது.

இன்ஸ்பெக்டர் கூட்டல் கேட்டார், கழித்தல் கேட்டார், சரியாகச் சொன்னார்கள். பிறகு ஆசாரியின் நடுப்பெண் பெரியம்மாளைக் கூப்பிட்டு, பலகையை அளந்து சொல் என்றார். அது இரண்டு கையிலும் இரண்டு கோலை எடுத்துக்கொண்டு நிற்கிறது.

"எந்த அடிங்க ஐயா?"

"என்ன எந்த அடி? அடின்னா ஒரே அடிதான்."

"இல்லீங்க ஐயா. இது நம்ம அடிங்க. இது இரும்பு வார்க்கறவங்க அடி. அது ஆறினாச் சரியாப் போயிருமுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் கரும்பலகையைப் பார்த்தேன். தம் பையிலிருந்த கோலை எடுத்து இரண்டையும் வைத்துப் பார்த்தார். பிறகு, "சரி, ரெண்டுலயும் சொல்லு" என்றார். அளந்து சொன்னாள். "அஞ்சடிப் பலகைன்னா எவ்வளவு வித்தியாசம் வரும்?" என்று கேட்டார். அது அவர் நினைத்திராத கேள்வி, நானும் சொல்லிக்கொடுக்காத கேள்வி. விரலை மடக்கிக்கொண்டு நின்றாள். பின்வரிசையிலிருந்து ஒன்று முனகியது, அவர் அதட்டினார்.

"அஞ்சு அரைக்கால் அங்குலங்க" என்றாள் பெரியம்மாள். "அரையும் அரைக்காலும்."

குறிப்பேட்டில் என்ன எழுதினார் தெரியுமா? 'கணக்கு திருப்திகரம். பிழையான அளவுகோல்களை உடனே அப்புறப்படுத்த வேண்டும்.' அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டுக்கு அப்புறப்படுத்தியிருக்கிறேன்.

அங்கீகாரக் காகிதம் நேற்று வந்தது. ஒரு வருஷத்துக்குத்தான், பிறகு மறுபடி பார்ப்பார்களாம். எடுத்துக்கொண்டு அண்ணனிடம் போனேன். வாங்கி இரண்டு தடவை படித்தார். கொட்டகைப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப மூட்டைக்கு வேற எடந்தான் பாக்கணும்" என்றார். பிறகு, "சாப்பிட்டுட்டுப் போ" என்றார்.

பழக்கம் பார், மாதேசா. சாப்பாடு என்றதும் நான் எழுந்து தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அண்ணி வாசலிலேயே மறித்து என் கையிலிருந்த செம்பை வாங்கிக்கொண்டாள். "நீ போயி உக்காரு. வந்தவங்கள வேலை வாங்கினன்னு ஊரு பேசறதுக்கா?" என்றாள்.

அண்ணனுக்கு எதிரே இலை போட்டிருந்தது. உட்கார்ந்து சாப்பிட்டேன்.

உன் அக்கா
ராஜாமணி